படம் இருக்கிறது, கிடைக்கவில்லை: ஆவணக் கோப்புகளின் பெயர்க் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்ப்பது

மூதூர் லாஞ்சியின் (பயணிகள் ஏறும் இயந்திரப் படகின்) படம் ஒன்றைக் கேட்டு ஒரு குடும்பம் வந்தது. அவர்களே தந்த ஆல்பத்தில் இருந்த படம்தான். ஸ்கேன் செய்ததும் நான்தான். கணினியில் இருக்கிறது என்று நன்றாகத் தெரியும். ஆனாலும் எடுத்துக் கொடுக்க இரண்டு நாள் ஆனது. ‘லாஞ்சி’ என்று தேடினேன், ‘மூதூர்’ என்று தேடினேன், ‘திருமலை’ என்றும் தேடினேன். கடைசியில் ‘புதியது’ என்ற கோப்புறைக்குள் ‘ஸ்கேன்0047 (2)’ என்ற பெயரில் கிடந்தது. வந்த அம்மா படத்தைப் பார்த்த உடனே, வலது ஓரத்தில் குடையோடு நிற்பவர் தன் தகப்பன் என்றார். அதே விவரத்தைப் படத்தின் பின்பக்கத்தில் யாரோ பென்சிலால் எழுதி வைத்திருந்தார்கள். அந்தப் பின்பக்கத்தையும் நாங்கள் ஸ்கேன் செய்திருந்தோம். அது வேறொரு பெயரில் வேறோர் இடத்தில் இருந்தது.

திருகோணமலையில் வீட்டு ஆல்பங்கள், கோயில் மலர்கள் (விழாக்களுக்கு அச்சிடும் சிறப்பு வெளியீடுகள்), பாடசாலைச் சஞ்சிகைகள், நோட்டீஸ்கள் என்று சேர்த்து வைக்கும் ஒரு சிறு சேகரிப்பில் வேலை செய்கிறேன். அந்த இரண்டு நாளுக்குப் பிறகு, இருந்த கோப்புகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்து ஒழுங்குபடுத்தினோம். அதில் சந்தித்த கோளாறுகளையும், ஒவ்வொன்றையும் எப்படி அடையாளம் கண்டு தீர்ப்பது என்பதையும் இங்கே எழுதுகிறேன். உங்களிடம் என்ன அறிகுறி தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேரே போகலாம். ஆனால் அடுத்து வரும் பகுதியை மட்டும் தயவுசெய்து தாண்டாதீர்கள்.

எதையும் தொடும் முன்

முதலில் முழுச் சேகரிப்பையும் அப்படியே வேறொரு டிஸ்கில் கொப்பி எடுத்து, அந்த டிஸ்கைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். வேலை முடியும் வரை அதைக் கணினியில் செருக வேண்டாம்.

அப்புறம், இப்போது இருக்கும் எல்லாக் கோப்புகளின் பெயர்களையும், எந்தக் கோப்புறையில் இருக்கின்றன என்ற விவரத்தோடு ஓர் அட்டவணையாக எடுங்கள். இதுதான் உங்கள் பதிவேட்டின் தொடக்கம். ‘பழைய பெயர்’ என்று ஒரு நிரலை (நெடுக்கு வரிசையை) அதில் நிரந்தரமாக வைத்திருங்கள். பழைய பெயர் எவ்வளவு ஒழுங்கில்லாமல் இருந்தாலும் அழிக்கக் கூடாது. ‘அப்பா லாஞ்சி கடைசி நாள்’ என்று ஒருவர் வைத்த பெயரில், படத்தில் இல்லாத ஒரு தகவல் இருக்கிறது. பெயரை மாற்றுகிறவர் அதைத் தூக்கி எறிந்தால், தந்தவரின் சாட்சியத்தையே தூக்கி எறிந்ததாகும்.

அதே அட்டவணையில் ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் கணக்கிட்டுச் சேருங்கள். செக்சம் என்பது கோப்பின் உள்ளடக்கத்தில் இருந்து வரும் கைரேகை. எஸ்எச்ஏ-256 வகை போதும். விண்டோஸில் பவர்ஷெல் என்ற கட்டளைச் சாளரத்துக்குள்ளேயே அதற்கான கட்டளை இருக்கிறது. பெயரை எத்தனை தடவை மாற்றினாலும் செக்சம் மாறாது. எனவே எல்லாம் முடிந்த பிறகு பழைய செக்சங்களையும் புதியவற்றையும் ஒப்பிட்டால், ஒரு கோப்புக்கூடத் தவறவில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். ஒரே செக்சம் இரண்டு இடத்தில் வந்தால், அவை பெயர் மட்டும் வேறான ஒரே கோப்பு.

அறிகுறி: ஊர்ப் பெயரைத் தேடினால் பாதிதான் வருகிறது

எங்கள் ஊருக்கே எத்தனை பெயர்! திருகோணமலை, திருக்கோணமலை, திருமலை, கோணமலை. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்பவர்கள் ட்ரிங்கோமலி, ட்ரிங்கோ, திருகோணமலையை ஒலிப்படி எழுதும் நாலைந்து விதம். தம்பலகாமம், தம்பலகமம் என்று இரண்டும் வழக்கில் உண்டு. யாரும் பிழை விடவில்லை. ஆளாளுக்குத் தமக்குப் பழகிய பெயரை எழுதுகிறார்கள். ஒன்றைத் தேடினால் மற்றவை வராது, அவ்வளவுதான்.

இதைவிடச் சிக்கலானது, ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது. எங்களிடம் ‘கல்வெட்டு’ என்ற பெயரில் ஒரு கோப்புறை இருந்தது. திறந்து பார்த்தால் பாதி, பிரெட்றிக் கோட்டை வாசலில் இரட்டை மீன் சின்னத்தோடு இருக்கும் கல்லின் படங்கள். மறு பாதி, அந்தியேட்டி என்ற இறப்புக் கிரியை அன்று வீட்டில் கொடுக்கும் நினைவுப் புத்தகங்கள். நம் ஊரில் அதற்கும் கல்வெட்டு என்றுதான் பெயர். ‘பாதை’யும் அப்படித்தான். இங்கே பாதை என்றால் தெரு மட்டுமல்ல, ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகும் மிதவையும் பாதைதான். கிண்ணியாவில் 2009இல் பாலம் திறக்கும் வரை அதில்தான் கடந்தோம். ‘கிண்ணியா பாதை’ என்ற கோப்பை வெளியூரில் இருந்து பார்க்கும் ஒருவர் தெருவின் படம் என்றுதான் நினைப்பார்.

இதற்கு என்ன செய்வது? கோப்பின் பெயரில் விவரணையை எழுதுவதை நிறுத்துங்கள். நாங்கள் வந்து சேர்ந்த முடிவு இது, இன்றுவரை அதில் மாற்றமில்லை. கோப்பின் பெயர் வீட்டு இலக்கம் மாதிரி இருக்க வேண்டும். வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள், சுவருக்கு என்ன நிறம் என்பதை இலக்கம் சொல்வதில்லை. அதனால்தான் ஆள் மாறினாலும் நிறம் மாறினாலும் இலக்கம் மாறுவதில்லை. படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்ற எல்லாம் நாளைக்குத் திருத்தப்படலாம். அவற்றுக்கு இடம் பதிவேடு.

எங்கள் பெயர்கள் இப்படி இருக்கும்: சே07-0142-01. சே07 என்பது ஏழாவது சேகரிப்பு, அதாவது ஒரு குடும்பமோ ஒரு நிறுவனமோ தந்த தொகுதி. 0142 என்பது அதில் 142ஆவது பொருள். 01 என்பது அந்தப் பொருளின் முதல் ஸ்கேன். படத்தின் முன்பக்கம் 01 என்றால் பின்பக்கம் 02. லாஞ்சிப் படத்தின் பென்சில் எழுத்து இப்போது படத்துக்கு அடுத்ததாகவே நிற்கிறது. எண் கொடுக்கும்போது எதற்கு எந்த எண் என்று யோசிக்க வேண்டியதில்லை. கையில் வந்த வரிசையில் கொடுத்துக்கொண்டே போகலாம். ஈழத்து நூல்களை 2005 முதல் மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் திட்டமும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ‘நூலக எண்’ என்று ஓர் எண்தான் கொடுத்திருக்கிறது. நூலின் தலைப்பு, ஆசிரியர் எல்லாம் அந்த எண்ணோடு சேர்ந்த விவரங்கள்.

பதிவேட்டில் இடத்துக்கு ஒரு நிரல் வையுங்கள். அதில் எழுதக்கூடிய பெயர்களை முன்கூட்டியே பட்டியலிட்டு, அதற்கு வெளியே எதையும் எழுத விடாதீர்கள். நாங்கள் ‘திருகோணமலை’ என்று ‘க்’ இல்லாமல் எழுத முடிவு செய்தோம். ‘க்’ போட்டுத்தான் எழுத வேண்டும் என்று வலுவாக நினைப்பவர்களும் எங்களோடு இருக்கிறார்கள். பதிவேட்டைப் பொறுத்தவரை எது சரி என்பது இரண்டாவது கேள்வி. எல்லோரும் ஒன்றையே எழுதுகிறோமா என்பதுதான் முதல் கேள்வி. மலரின் அட்டையில் எப்படி இருக்கிறதோ அதைத் தலைப்பு நிரலில் அச்சொட்டாக எழுதலாம். கல்வெட்டைப் பொறுத்தவரை, கல்லில் உள்ளதற்கு ‘சாசனம்’, புத்தகத்துக்கு ‘நினைவு மலர்’ என்று வகை நிரலில் பிரித்துவிட்டோம்.

அறிகுறி: கண்ணுக்கு ஒரே பெயர், கணினிக்கு இரண்டு

‘கோணேசர் கோயில்’ என்று இரண்டு கோப்புறைகள் அடுத்தடுத்து நின்றன. எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான். ஒரே இடத்தில் ஒரே பெயரை விண்டோஸ் இரண்டு தடவை அனுமதிக்காது என்பதால், எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. ஒன்றில் தேடினால் கிடைக்கும் படம் மற்றதில் இல்லை.

காரணம் யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் குறியீடு கொடுக்கும் பொதுத் தரத்தில்) இருக்கிறது. ‘கோ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வுக்குப் பிறகு ஓகாரக் குறி என்ற ஒரே குறியீடு வருவது ஒரு விதம். க-வுக்குப் பிறகு இரட்டைக் கொம்பு தனியாக, அரவு (கால்) தனியாக என்று இரண்டு குறியீடுகள் வருவது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ‘கோ’தான். ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஆகிய மூன்று குறிகளுக்கும் இது பொருந்தும். எங்கள் ஊரின் பெயரிலேயே ‘கோ’ இருப்பதால், திருகோணமலையில் கோப்பு வைத்திருக்கும் எவருக்கும் இது வரக்கூடியதுதான். ‘திருகோணமலை’யில் எழுத்து ஆறு, குறியீடுகள் பத்து. யூனிகோடைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட் என்பதால் மொத்தம் 30 பைட். ‘கோ’வைப் பிரித்துச் சேமித்தால் குறியீடு பதினொன்று, 33 பைட். கணினி பார்ப்பது இந்த வேறுபாட்டை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை. சந்தேகமான பெயரைக் கொப்பி செய்து விண்டோஸ் நோட்பேடில் ஒட்டுங்கள். ‘கோ’வுக்குப் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒரே ஒரு தடவை அழுத்துங்கள். ‘க’ என்று மிஞ்சினால் அது சேர்ந்த வடிவம். ‘கே’ என்று மிஞ்சினால் பிரிந்த வடிவம். நான் முதல் தடவை இதைச் செய்து, கோணேசர் என்ற பெயர் கண் முன்னே ‘கேணேசர்’ ஆனதைப் பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது.

இது பெரும்பாலும் மேக் கணினிகளில் இருந்து வருகிறது. ஆப்பிளின் பழைய கோப்பு முறைமை எல்லாப் பெயர்களையும் பிரித்துத்தான் சேமித்தது. 2017இல் வந்த புதிய முறைமை கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்கிறது. வெளிநாட்டில் இருந்து உறவினர்கள் ஜிப் செய்து அனுப்பும் படங்களில் இதை அதிகம் பார்த்தேன். தீர்வு, எல்லாப் பெயர்களையும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றுவது. இதற்கு என்எஃப்சி என்று பெயர். லினக்ஸில் கான்வ்எம்வி என்ற கருவி ஒரு கோப்புறை முழுவதையும் ஒரே கட்டளையில் மாற்றிவிடும். பைத்தன் என்ற கணினி மொழி தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் ஐந்தாறு வரியில் முடியும். பதிவேட்டில் உள்ள பெயர்களையும் சேர்த்து மாற்ற மறக்காதீர்கள்.

என்எஃப்சியால் தீராத இரண்டு உண்டு. ‘கௌரி’யை ஔகாரக் குறியால் எழுதாமல், ஒற்றைக் கொம்பும் ‘ள’ எழுத்துமாக ‘கெளரி’ என்று பலர் தட்டச்சு செய்கிறார்கள். பார்வைக்கு அநேகமாக ஒன்றுதான். ஆனால் கணினிக்கு அது ‘கெ-ள-ரி’. இதற்கும் பேக்ஸ்பேஸ் சோதனை போதும்: ‘கௌ’வில் ‘க’ மிஞ்சும், ‘கெள’வில் ‘கெ’ மிஞ்சும். இன்னொன்று, கோயில் மலர் ஒவ்வொன்றிலும் வரும் ‘ஸ்ரீ’. அதை ‘ஸ’வில் தொடங்கியும் எழுதலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’வில் தொடங்கியும் எழுதலாம். இரண்டும் திரையில் ஒரே வடிவமாகத் தெரியும். இவை இரண்டும் யூனிகோடின் பார்வையில் வெவ்வேறு சொற்கள் என்பதால், நீங்களே தேடி மாற்ற வேண்டும்.

வேர்டில் இருந்து ஒட்டிய பெயர்களில் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்றும் ஒட்டிக்கொண்டு வரலாம். அம்புக்குறியை அழுத்தி எழுத்து எழுத்தாக நகரும்போது ஓரிடத்தில் கர்சர் அசையாமல் நின்றால் அங்கே ஒன்று இருக்கிறது.

எங்கள் எண்களின் முன்னால் ‘தொகுப்பு’ என்பதன் ‘தொ’வை விட்டு ‘சே’வைத் தெரிந்தெடுத்ததற்கு, ‘தொ’வையும் இரண்டு விதமாகச் சேமிக்கலாம் என்பதுதான் காரணம். ‘சே’க்கு ஒரே விதம்தான். ஆங்கிலச் சிற்றெழுத்தும் இலக்கமும் மட்டும் என்று விதி வைப்பவர்களுக்கு இந்தப் பகுதி முழுவதும் தேவைப்படாது. பெரிய நிறுவனங்களோடு கோப்புகளைப் பரிமாறுகிறவர்கள் அப்படி வைப்பதே நல்லது. தமிழில் வைப்பவர்கள் ஓரிரு எழுத்தோடு நிறுத்திக்கொண்டு மீதியை இலக்கமாக வைத்தால், பாதுகாப்பில் பெரிய குறை வராது.

அறிகுறி: பெயர் குப்பையாகத் தெரிகிறது

எந்த மாதிரிக் குப்பை என்று பாருங்கள். நோய் அதில்தான் தெரியும்.

சாதாரண ஆங்கில எழுத்துகள், பெரிதும் சிறிதுமாகக் கலந்து, வாசிக்க முடியாத சொற்களாக இருந்தால் அது பாமினி. 2000ஆம் ஆண்டுகளில் நம் பக்கத்து அச்சகங்களும் தட்டச்சு நிலையங்களும் அதில்தான் வேலை செய்தன. பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தைக் காட்டும். ஆவணத்துக்குள் எழுத்துருவைத் தெரிவு செய்யலாம். கோப்பின் பெயருக்கு அது முடியாது. அதனால் பெயர் அடியில் உள்ள ஆங்கில எழுத்துகளாகவே நிற்கிறது. இதில் எதுவும் கெடவில்லை. பெயர்ப் பட்டியலை அட்டவணையில் எடுத்து, பாமினியில் இருந்து யூனிகோடுக்கு மாற்றும் இலவசக் கருவி ஒன்றில் போட்டு, வருவதைப் பழைய பெயர் நிரலுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொன்றையும் ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும். பாமினியும் உண்மையான ஆங்கிலச் சொல்லும் கலந்த பெயர்களில் கருவி ஆங்கிலச் சொல்லையும் ‘தமிழாக்கி’விடும்.

தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ-யும், வட்டத்துக்குள் ஆர் குறியும் திரும்பத் திரும்ப வந்தால், அது நல்ல யூனிகோடு தமிழ்தான். ஏதோ ஒரு மென்பொருள் அதை மேற்கு ஐரோப்பிய எழுத்து என்று நினைத்து வாசித்திருக்கிறது. பழைய ஜிப் கருவியால் கட்டிய பொதிகளில் இது வரலாம். விரித்த கோப்புறையை ஒதுக்கிவிட்டு, மூல ஜிப்பை 7-ஜிப் போன்ற புதிய கருவியால் மறுபடி விரித்துப் பாருங்கள்.

வெறும் கட்டங்கள் என்றால் அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை. வேறு கணினியில் சரியாகத் தெரியும்.

கேள்விக்குறிகளோ அடிக்கோடுகளோ வரிசையாக நின்றால், எழுத்துகள் உண்மையிலேயே போய்விட்டன. அந்தப் பிரதியில் இருந்து பெயரை மீட்க முடியாது. எந்த இடத்தில் இருந்து கொப்பி செய்தீர்களோ அங்கே திரும்பிப் போங்கள். அதனால்தான் தந்தவரின் பென் டிரைவை வேலை முடிய முன் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று எங்களோடு சேர்பவர்களிடம் சொல்கிறேன்.

அறிகுறி: தேதி வரிசை குழம்புகிறது, அல்லது பழைய படத்துக்கு இந்த வருடத் தேதி

1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. அதைப் பற்றிய ஒரு பத்திரிகை நறுக்கை ‘09-04-42’ என்று வைத்தால், ஒருவர் ஏப்ரல் என்பார், அமெரிக்க வழக்கத்தில் வாசிப்பவர் செப்டம்பர் 4 என்பார். 42 எந்த நூற்றாண்டு என்பதும் ஒரு நாள் கேள்வியாகும். 1942-04-09 என்று எழுதினால் ஒரே பொருள்தான், பெயர் வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். 1988இல் வந்த ஐஎஸ்ஓ 8601 தரமும் இதையே சொல்கிறது. மாதம் தெரியாவிட்டால் 1942 என்று நிறுத்துங்கள். தெரியாத நாளுக்கு 01 போட்டு நிரப்புவது மிகக் கெட்ட பழக்கம். பத்து வருடம் கழித்துப் பார்ப்பவர் அதை உண்மையான முதலாம் தேதி என்று நம்பிவிடுவார்.

கோயில் நோட்டீஸ்களிலும் கலியாண அழைப்பிதழ்களிலும் தமிழ் வருடம் மட்டும் இருக்கும். ‘விளம்பி வருடம்’ என்றால் 1958-59ஆகவும் இருக்கலாம், 2018-19ஆகவும் இருக்கலாம், அறுபது வருடத்துக்கு ஒரு தடவை அதே பெயர் வரும். கடதாசி, அச்சு, அடியில் உள்ள அச்சகப் பெயர், தொலைபேசி இலக்கத்தின் நீளம் இவற்றைப் பார்த்து முடிவு செய்து, முடிவுக்கான காரணத்தையும் பதிவேட்டில் எழுதுங்கள். நோட்டீஸில் உள்ள தமிழ்த் தேதியை அப்படியே இன்னொரு நிரலில் வையுங்கள்.

பழைய படத்தில் 2024 என்று தேதி காட்டினால் அது ஸ்கேன் செய்த தேதி. வாட்ஸ்அப்பில் வந்த ‘ஐஎம்ஜி-20230412-டபிள்யூஏ0003’ மாதிரிப் பெயர்களில் உள்ள தேதி, அந்தப் படம் எடுத்த தேதி என்று எண்ண வேண்டாம். அது வாட்ஸ்அப்பில் கைமாறிய தேதி. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்குவதோடு, கமரா எழுதிய விவரங்களையும் கழற்றிவிடுகிறது. முடிந்தால் மூலப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். டிஜிட்டல் கமராப் படங்களில் எடுத்த நேரம் கோப்புக்குள்ளேயே இருக்கும். எக்சிஃப்டூல் என்ற கருவி அதைக் காட்டும். ஆனால் ஒரு தொகுதி முழுவதும் ஏதோ ஒரு வருடத்தின் ஜனவரி 1 என்று காட்டினால், பற்றரி கழற்றியபோது கமராவின் கடிகாரம் தொடக்கத்துக்குப் போய்விட்டது என்று அர்த்தம்.

எண் மட்டும் போதும் என்று மேலே சொன்னதற்கு ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறோம். நாளிதழ், வார இதழ் போல முகப்பிலேயே தேதி அச்சானவற்றுக்குப் பொருள் எண்ணின் இடத்தில் தேதியையே வைக்கிறோம். அது யாராலும் திருத்தப்படப் போவதில்லை.

அறிகுறி: ‘இதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, மாற்றவா?’

இந்தப் பெட்டி வந்தால் தயவுசெய்து ஆம் என்று அழுத்தாதீர்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பலர் தங்கள் டிஜிட்டல் கமராவில் கரையோரத்தைப் படமெடுத்தார்கள். நிலாவெளிப் பக்கம் எடுத்தவரின் படமும் மூதூரில் எடுத்தவரின் படமும் ஒரே மாதிரி ‘டிஎஸ்சிஎன்0012’ என்றுதான் இருந்தன. கமராக்கள் 0001 முதல் 9999 வரை எண்ணி மறுபடி 0001இல் தொடங்கும். மெமரி அட்டையை மாற்றினால் சிலது அப்போதே திரும்பத் தொடங்கிவிடும். பல வருடம் கழித்து அவற்றை ஒரே கோப்புறையில் போட்டபோது, இந்தப் பெட்டிக்கு ஆம் என்று சொன்ன ஒருவரால் ஒரு ஆளின் படங்களில் இருபதுக்கு மேல் மற்றவரின் படங்களால் மூடப்பட்டன. அவர் வேண்டும் என்று செய்யவில்லை. பெட்டியில் உள்ள ஆங்கிலக் கேள்வி, கொப்பி பண்ணவா என்று கேட்பதாகத்தான் அவருக்குப் பட்டது. மூலம் இருந்த அட்டை வேறு தேவைக்கு அழிக்கப்பட்டிருந்தது. அந்தப் படங்கள் இனி இல்லை.

வழி இதுதான். ஒவ்வொருவரிடம் இருந்து வந்ததையும் தனிக் கோப்புறையில் இறக்குங்கள். அங்கேயே சே-எண் கொடுத்த பிறகு மட்டும் மற்றவற்றோடு சேருங்கள். பெட்டி வந்துவிட்டால் ‘இரண்டையும் வைத்திரு’ என்பதைத் தெரிந்தெடுத்து, பின்னர் செக்சம் பாருங்கள். செக்சம் ஒன்றானால் ஒன்றை நீக்கலாம். வேறானால், இரண்டு படங்கள்.

அறிகுறி: 1க்கு அடுத்து 10 வருகிறது

முன்னால் பூச்சியம் போடவில்லை. 1, 10, 11, 2 என்பது எழுத்து வரிசை. விண்டோஸ் எக்ஸ்புளோரர் எண்ணைப் புரிந்து சரியாக அடுக்கிக் காட்டும். அதே கோப்புகள் வேறு மென்பொருளில் குழம்பும். அதனால்தான் விண்டோஸில் நன்றாக இருந்த மலர், பிடிஎஃப் ஆக்கும்போது 1ஆம் பக்கத்துக்குப் பிறகு 10ஆம் பக்கமாகிறது. பொருளுக்கு நான்கு இலக்கம், பக்கத்துக்கு இரண்டு. நூறு பக்கம் தாண்டும் நூலாக இருந்தால் அந்த நூலுக்கு மூன்று. அச்சிட்ட பக்க எண்ணைப் பின்பற்ற வேண்டாம். அட்டை, ஆசிச் செய்திகள், விளம்பரங்கள் என்று பாதிக்கு எண்ணே இருக்காது. ஸ்கேன் வரிசையே போதும்.

அறிகுறி: பதிவேட்டில் உள்ள எண்ணும் கோப்பின் எண்ணும் பொருந்தவில்லை

எக்செல் செய்த வேலை. 0142 என்று தட்டினால் 142 ஆக்கிவிடும். 3-12 என்று தட்டினால் அதைத் தேதி என்று எண்ணி டிசம்பரோ மார்ச்சோ ஆக்கிவிடும். தட்டும்போது மட்டுமல்ல, சிஎஸ்வியாக (கமாவால் பிரித்த வெறும் எழுத்து அட்டவணையாக) சேமித்த பதிவேட்டை எக்செலில் மறுபடி திறக்கும்போதும் நூற்றுக்கணக்கான வரிகளில் ஒரேயடியாக இது நடக்கும். எண் நிரலை முதலிலேயே ‘உரை’ என்று அமையுங்கள். அதைவிட நம்பகமான வழி, எண்ணுக்கு முன்னால் ஓர் எழுத்து வைப்பது. சே07-0142 என்றால் எக்செல் அதைத் தொடாது. பதிவேட்டை சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது ‘யூடிஎஃப்-8’ என்று பெயரில் உள்ள வகையைத் தெரிந்தெடுங்கள். வெறும் சிஎஸ்வியில் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகிவிடும்.

அறிகுறி: கொப்பி பாதியில் நிற்கிறது

பெயர் நீளம். விண்டோஸில் கோப்புறைகளின் பெயர் எல்லாம் சேர்ந்து 260 எழுத்து என்ற பழைய எல்லை இன்னும் பல மென்பொருள்களில் உண்டு. லினக்ஸில் இயங்கும் சேமிப்புப் பெட்டிகளில் ஒரு பெயருக்கு 255 பைட். தமிழில் மூன்றால் வகுத்தால் 85 குறியீடு. ‘திருகோணமலை மாவட்டப் பாடசாலைகள் விளையாட்டுப் போட்டி பரிசளிப்பு விழாப் புகைப்படங்கள்’ என்ற பெயர் 232 பைட், இந்த எல்லைக்கு அருகில் நிற்கும். அதன் பின்னால் இன்னும் இரண்டு மூன்று தமிழ்ச் சொற்களைச் சேர்த்தாலே விண்டோஸில் இருக்கும், பெட்டிக்குப் போகாது. பழைய சிடிக்களில் நீண்ட பெயர்கள் 64 எழுத்தோடு வெட்டப்பட்டிருக்கும். வால் போன பெயரைப் பார்த்தால் அதுதான் காரணம்.

சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரம், இரட்டை மேற்கோள் இவை விண்டோஸில் கூடாது. இடைவெளி கூடும், ஆனால் வேண்டாம். சிறு கோடு போதும்.

அறிகுறி: ‘இறுதி’, ‘இறுதி2’, ‘திருத்திய இறுதி’

எது மூல ஸ்கேன், எது வெளிச்சம் கூட்டியது, எது பத்திரிகைக்கு அனுப்பச் சுருக்கியது என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாத நிலை இது. இங்கே திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. பெரும்பாலும் அளவில் பெரிய டிஃப் வகைப் படக் கோப்புதான் மூலம். அதை ‘மூலம்’ என்ற கோப்புறையில் வைத்து, எழுத முடியாதபடி பூட்டுங்கள். மற்றவை ‘பயன்பாடு’ என்ற கோப்புறையில், அதே எண்ணோடு. எண் ஒன்றாக இருப்பதால் எந்தப் பிரதியில் இருந்தும் மூலத்துக்குப் போகலாம். இறுதி என்ற சொல்லை எந்தப் பெயரிலும் எழுத வேண்டாம். திருத்தங்களுக்கு தி1, தி2 என்று பின்னால் சேர்த்தால் போதும்.

அறிகுறி: பெயர் மாற்றிய பின் படம் திறக்கவில்லை

பெயரின் வாலில் உள்ள வகைக் குறி அழிந்துவிட்டது, அல்லது இரண்டு தடவை சேர்ந்துவிட்டது. விண்டோஸ் அந்த வாலை மறைத்து வைப்பதால் வருவது இது. எக்ஸ்புளோரரின் காட்சி அமைப்பில் ‘கோப்பு வகைப் பெயர்களைக் காட்டு’ என்பதை இயக்கிவிட்டுத்தான் பெயர் மாற்றத்தைத் தொடங்க வேண்டும். கோப்புக்குள் ஒன்றும் ஆகியிருக்காது. வகை என்னவென்று தெரியாவிட்டால், பிரித்தானியத் தேசிய ஆவணக் காப்பகம் இலவசமாகத் தரும் டிராய்டு என்ற கருவி உள்ளடக்கத்தைப் பார்த்துச் சொல்லும். வால் ஜேபிஜி, ஜேபிஇஜி என்று இரண்டு விதமாக, பெரிய எழுத்திலும் சிறிய எழுத்திலும் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே சிற்றெழுத்து வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு.

மொத்தமாகப் பெயர் மாற்ற விண்டோஸில் பவர்டாய்ஸ் தொகுப்பில் உள்ள பவர்ரீநேம் போதும். முதலில் பத்துக் கோப்புகளின் பிரதியில் செய்து பாருங்கள். பின்பு ஒரு சேகரிப்பு, அதன் எண்ணிக்கையையும் செக்சத்தையும் சரிபார்த்த பிறகு அடுத்தது. நாங்கள் ஒரு மாலைக்கு ஒரு சேகரிப்பு என்று போனோம். நடுவில் ஏழாவது சேகரிப்பில் எண்ணிக்கை ஒன்று குறைந்தது. அன்றைக்கே தேடியதால் காரணம் தெரிந்தது: ஒரே எண்ணை இரண்டு படங்களுக்குக் கொடுத்திருந்தோம். அலமாரியில் இருந்த டிஸ்கை அன்றுதான் முதல் தடவை வெளியே எடுத்தோம்.